இருபது கிராமில் மூன்று சிட்டிகை

நாற்பத்தாறாவது தொகுதியும் தோற்றபோது ஒப்பந்தத்துக்குப் பத்து நாட்கள் இருந்தன. அன்று வெள்ளிக்கிழமை. ஐம்பதாவது நிமிடத்தில் குடுவையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த மாதிரியை டாக்டர் கருவியில் செலுத்தினார். திரையைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குகூட டீசலாக மாறியிருக்கவில்லை. நாற்பத்தொன்றாவது தொகுதியில் இதே ஐம்பதாவது நிமிடத்தில் ஏறக்குறைய முழுவதும் மாறியிருந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் அங்கிள்?”

“மூணு மணி இருபது நிமிஷம். போன மூணு தடவையும் அதுதான்.”

“தோத்தது நாலு தடவை. இதோட அஞ்சு.”

எண்ணிக்கையில் என்னைத் திருத்துகிறவர்கள் குறைவு. அன்று அதற்காக வருத்தப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு வயது எழுபத்தொன்று. கிள்ளானில் செம்பனை எண்ணெயிலிருந்து சோப்புக்கான மூலப்பொருள் செய்யும் தொழிற்சாலையில், ஆய்வுக்கூடத்தில், முப்பத்தோரு ஆண்டுகள் வேலை செய்தேன். ஓய்வுபெற்ற பிறகு பிரிக்பீல்ட்ஸில் பதினோராவது மாடி வீட்டில் உட்கார்ந்து, மோனோரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டெங்கில் ஊர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பகுதிநேர உதவியாளர் தேவை என்று ஒருவர் சொல்ல, போய்ச் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று நாள், அவசரமென்றால் எல்லா நாளும். சென்ட்ரலில் ரயில் ஏறி, இறங்கி, மீதித் தூரத்துக்கு வாடகைக் கார். எடை போடுவது, சுடுவது, சொன்ன நிமிடத்தில் மாதிரி எடுப்பது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது என் வேலை.

டாக்டர் என்று நான் சொல்வது அங்கே ஆராய்ச்சி நடத்தும் பெண்மணியை. முப்பத்தெட்டு வயது. கிள்ளானில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். இப்போது கடையை அவருடைய அண்ணன் நடத்துகிறார். அவரை டாக்டர் நானா என்பார். கோழி பொரித்துக் கறுத்த எண்ணெய் அந்தக் கடையிலிருந்துதான் பதினேழு கிலோ டின்களில் எங்களுக்கு வரும். கொடுக்கும்போதெல்லாம் நானா, “படிச்சுப் படிச்சு கடைசியில என் கடை அழுக்கு எண்ணெய்க்குத்தானே வந்திருக்கே” என்பாராம். இதை எங்களிடம் சொல்லிவிட்டு டாக்டரே சிரிப்பார்.

அந்த எண்ணெயை யாரும் வாங்கவில்லையென்றால் அது கடைக்குப் பின்னால் கால்வாயில் போகும். குளிர்ந்து கட்டியாகி அடைக்கும், மீதி கிள்ளான் ஆற்றுக்குப் போகும். அதையே மெத்தனாலோடு சேர்த்துச் சூடாக்கினால் லோரிக்கு ஊற்றக்கூடிய டீசலாகிறது. ஆனால் தானாக ஆகாது, வினையூக்கி வேண்டும். தொழிற்சாலைகள் காஸ்டிக் சோடா போடுகின்றன. அது வேகமானது. ஆனால் எண்ணெயோடு கரைந்துவிடுவதால் பிறகு அதைத் தண்ணீர்விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் பால்போலச் சோப்பாக நிற்கும். அதைச் சுத்தப்படுத்தாமல் வெளியே விட முடியாது. டாக்டரின் வழி வேறு. கொய்தியோ நூடுல்ஸ் கடைகளில் தின்று போடும் கெராங் சிப்பி ஓடுகளைக் கழுவி, அரைத்து, தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பாகிறது. அது கரையாது. வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். கழுவும் தண்ணீர் வேண்டாம். குறை ஒன்றுதான்: மெதுவாக வேலை செய்யும்.

நாற்பத்தொன்று மெதுவாகச் செய்யவில்லை. ஐம்பது நிமிடத்தில் முடித்தது. டாக்டர் நம்பவில்லை. அதே பொடியிலிருந்து இரண்டாவது முறை, மூன்றாவது முறை எடுத்துப் போட்டோம். நாற்பத்தொன்பது நிமிடம், ஐம்பத்திரண்டு நிமிடம். மூன்று முறையும் ஒத்துப்போனதும் அவர் கிள்ளானில் ஒரு டீசல் தொழிற்சாலைக்கு எழுதினார். அங்கே எஞ்சினியராக இருப்பவர் முன்பு என் கீழ் வேலை பார்த்தவர். அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஐம்பது நிமிடக் கணக்குக்கு ஒரு புதிய கலன் வரைந்துவிட்டார்கள். நாற்பத்தாறு தோற்ற வெள்ளிக்குப் பத்தாம் நாள், திங்கள்கிழமை, கையெழுத்து. டாக்டருடைய வேலை ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. தொழிற்சாலையோடு கையெழுத்தான தாளைக் காட்டினால் மூன்று ஆண்டு நீட்டிப்பு, இல்லாவிட்டால் கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள்.

அதன் பிறகு புதிதாகச் சுட்ட பொடி ஒன்றுகூட அந்த வேகத்தில் ஓடவில்லை.

நாங்கள் பார்க்காதது எதுவுமில்லை. ஓடுகள் வேறு கடலிலிருந்து வந்தவையா என்று பார்த்தோம். மெத்தனால் பீப்பாயை மாற்றினோம். நானா எண்ணெயை மாற்றிவிட்டாரா என்று கேட்டோம்; அவர் கோபித்துக்கொண்டார். நாற்பத்தொன்றில் ஒரே ஒரு வித்தியாசம் நோட்டில் இருந்தது. முப்பத்தாறு கிராம் ஓட்டுத்தூளைச் சுட்டால் இருபது கிராம் சுண்ணாம்பு வர வேண்டும். அன்று இருபத்தொன்று புள்ளி நான்கு வந்திருந்தது. சரியாக வேகவில்லை போலிருக்கிறது என்று நாற்பத்துநான்கை வேண்டுமென்றே குறைத்துச் சுட்டோம். அது இன்னும் மோசமாக ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது டாக்டர் என் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“அங்கிள், அன்னிக்கு வேற ஏதாச்சும் செஞ்சீங்களா? எழுதாம?”

“எழுதாம நான் எதுவும் செய்றதில்ல டாக்டர்.”

“தெரியும். சும்மா கேட்டேன்.”

நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தேன். சாமி மாடத்துக்கு முன்னால் என் மனைவி நெற்றியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இந்தத் திருநீறு எனக்கு வேணாம். நெத்தி எரியுது. கடையில வாங்கிட்டு வாங்க.”

“எத்தனை நாளா எரியுது?”

“இந்த டப்பா தொறந்ததிலேருந்து. உங்களுக்குத் தெரியாது. உங்க நெத்தி மாட்டுத்தோலு.”

“இவ்வளவு நாள் சொல்லலியே.”

“சொன்னா நீங்க எத்தனை மணிக்கு எரிஞ்சிச்சு, எத்தனை நிமிஷம் எரிஞ்சிச்சுன்னு கேப்பீங்க.”

அந்தத் திருநீறு கேரி தீவிலிருந்து வந்தது. என் மனைவியின் தம்பி அங்கே தோட்டத்தில் இருக்கிறார். தோட்டத்துக் கோயிலில் அவர்களே செய்வது. ஆண்டுக்கு ஒரு டப்பா கொண்டுவந்து கொடுப்பார். டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பொடியாக இருந்தது நமத்துக் கட்டிகட்டியாகக் கிடந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. கட்டியை விரலால் நசுக்கியபோது ஈரம் ஒட்டியது.

காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற, தோலை எரிக்கிற சாம்பல். வேதியியல் படித்தவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மேசை இழுப்பறையில் பழைய தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த காரச்சோதனைத் தாள் கொஞ்சம் இருந்தது. திருநீற்றை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து, தாளை நனைத்தேன். தாள் கருநீலமாகிவிட்டது. சாணச் சாம்பலும் சிறிது காரம்தான். ஆனால் இந்த நிறத்தை நான் காஸ்டிக் தொட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் நாற்பத்தொன்றாவது தொகுதியைச் சுட்ட நாள் நினைவுக்கு வந்தது. அன்று ஆயுத பூசை.

பழைய தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். பிறகு முதல் தொகுதி ஏறும்போது, இருபது டன் பிடிக்கும் பெரிய தொட்டியின் மூடியைத் திறந்து, மூன்று சிட்டிகை திருநீறு உள்ளே தூவுவோம். கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் தூவியவன் நான்தான். அங்கே மேலதிகாரி சீனர், அப்போதைய எஞ்சினியர் மலாய்க்காரர். யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லவும் ஒன்றுமில்லை. இருபது டன்னில் அது எங்கே போயிற்று என்று எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது.

டாக்டரிடம் முதல்நாளே கேட்டிருந்தேன். “செய்யுங்க அங்கிள். சூடம் மட்டும் கொளுத்தாதீங்க, மெத்தனால் இருக்கு” என்றார். காலை ஏழு மணிக்கே போய், தராசுக்கும் உலைக்கதவுக்கும் பொட்டு வைத்தேன். ஓட்டுத்தூள் நிரப்பிய பீங்கான் கிண்ணத்தை உலைக்குள் வைப்பதற்கு முன், கை தானாகப் போயிற்று. மூன்று சிட்டிகை. கண்ணை மூடிக் கும்பிட்டேன். கதவைச் சாத்தினேன். நோட்டில் நேரத்தை எழுதினேன், வெப்பநிலையை எழுதினேன், ஜன்னல் பாதி திறந்திருந்ததையும் எழுதினேன்.

இது நினைவுக்கு வந்த ஞாயிறன்று பதினோரு மணிக்குச் சமையலறைத் தராசை எடுத்து வைத்தேன். பத்துச் சிட்டிகை திருநீற்றை எண்ணிப் போட்டேன். ஐந்து கிராம். அப்படியென்றால் மூன்று சிட்டிகை ஒன்றரை கிராம். இருபது டன்னில் ஒன்றரை கிராம் என்பது ஒரு கோடியே முப்பத்து மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. இருபது கிராமில் ஒன்றரை கிராம் என்பது பதின்மூன்றில் ஒரு பங்கு. நோட்டில் கூடுதலாக நின்ற ஒன்று புள்ளி நான்கு கிராமுக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. கொஞ்சம் உலையில் ஆவியாகியிருக்கும். அந்த எடையை என் கையால் எழுதி, என் கையாலேயே ஆறு முறையாவது அடிக்கோடிட்டிருந்தேன்.

மைத்துனருக்குப் போன் செய்தேன்.

“என்னா மச்சான், ஞாயித்துக்கெழமையும் தூங்கமாட்டீங்களா? திருநீறு தீந்திருச்சா?”

“அதை எப்படிச் செஞ்சீங்க?”

“எப்படின்னா? சாணிய தட்டி, காய வச்சு, எரிக்கிறதுதான்.”

“வேற எதாவது போட்டீங்களா?”

“மாத்தா மாத்தா போலீஸ் மாதிரி கேக்குறீங்களே. இந்த வருசம் ஒரே மழ லா. வறட்டி சரியா காயல. அதான் மில்லுலேருந்து பழம் உதுத்த வெறுங்கொல ஒரு லோரி கொண்டாந்து, அடியில போட்டு எரிச்சோம். நல்லா புடிச்சிக்கிச்சு. சாம்பலும் நெறைய. ஏன் மச்சான், சாமிக்கு ஆகாதா?”

“சாமிக்கு ஆகும்” என்றேன்.

செம்பனை வெறுங்குலைச் சாம்பலில் பொட்டாசியம் மிக அதிகம். தோட்டங்களில் அதை உரமாகப் போடுவது அதற்காகத்தான். பொட்டாசிய உப்புகள் காஸ்டிக்கின் பங்காளிகள். எண்ணெயை டீசலாக்கும் வேலையை அவை சிப்பிச் சுண்ணாம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்யும். நாற்பத்தொன்றாவது தொகுதியில் ஓடியது சிப்பியின் வேகம் அல்ல.

அன்றே டாக்டருக்குச் சொல்லியிருக்க வேண்டும். போனை மூன்று முறை எடுத்து வைத்தேன். திங்கள்கிழமை நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கள் போனேன், சொல்லவில்லை. முப்பத்து மூன்று ஆண்டு ஆய்வுக்கூட வேலையில் என் நோட்டின் மேல் யாரும் சந்தேகப்பட்டதில்லை. அந்த ஒன்றுதான் என்னிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை எஞ்சினியர் டாக்டருக்குப் போன் செய்தார். நான் தராசருகே நின்று ஒரு பக்கத்தை மட்டும் கேட்டேன்.

“ஆமாங்க, திங்கக்கெழமை வந்துருவோம்... இல்லைங்க, எல்லாம் சரிதான்... ஐம்பது நிமிஷம், ஆமா.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“நாப்பத்தொண்ணு மூணு தடவை ஓடியிருக்கு அங்கிள். அது பொய் இல்ல. மத்ததெல்லாம் பர்னஸ் கோளாறுன்னு இருக்கலாம். கலன் கட்ட ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள கண்டுபுடிச்சிரலாம்.”

“ம்” என்றேன்.

“கையெழுத்து போடாம இருந்தா கண்டுபுடிக்க நான் இங்க இருக்கமாட்டேன். நானா கடையில கல்லாவுலதான் உக்காந்திருப்பேன்.”

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இரண்டு வழிகளையும் எண்ணிப் பார்த்தேன். அடுத்த தொகுதியில் யாருக்கும் தெரியாமல் மறுபடி மூன்று சிட்டிகை போட்டால் ஐம்பது நிமிடம் திரும்ப வரும். டாக்டர் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். மூன்று ஆண்டு கிடைக்கும். தொழிற்சாலையில் கலன் கட்டி, தோட்டத்துத் திருநீறு இல்லாத சிப்பியைக் கொட்டி, எண்ணெய் எண்ணெயாகவே வெளியே வரும்போது நான் உயிரோடு இருப்பேனோ இல்லையோ. இது முதல் வழி. சொல்லிவிடுவது இரண்டாவது. அதில் டிசம்பரில் அவருக்கு வேலை போகும். அவரிடம் சேரவே மாட்டேன் என்று இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. ஆனால் அது வழி அல்ல, அதை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

புதன்கிழமை திருநீற்றை ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். டாக்டர் வகுப்பில் இருந்தார். இரண்டு பீங்கான் கிண்ணங்களில் முப்பத்தாறு முப்பத்தாறு கிராம் தூளை நிறுத்தேன். ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றின் மேல் தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உண்மையைச் சொன்னால், நோட்டில் எழுதாமல் போட்டுவிடலாம் என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை. பிறகு தாளைத் தராசில் வைத்து ஒன்றரை கிராம் நிறுத்துக் கொட்டினேன். இரண்டையும் உலைக்குள் வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். நாற்பத்தேழு: ஓடு மட்டும். நாற்பத்தெட்டு: ஓடு, திருநீறு ஒன்று புள்ளி ஐந்து கிராம். அதற்குக் கீழே, நாற்பத்தொன்றிலும் இதேபோல் சேர்க்கப்பட்டது, அன்று எழுதப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

பதினொன்றரைக்கு டாக்டர் வந்து, வழக்கம்போல நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

“திருநீறுன்னா... நெத்தியில வைக்கிறதா?”

“ஆமா டாக்டர்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, இருபது டன், வெறுங்குலை, என் மனைவியின் நெற்றி. அவர் நோட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே இருந்தார்.

“ஒரு சொட்டு அமிலத்தை எழுதுறீங்க. ஜன்னல் தொறந்திருந்ததை எழுதுறீங்க. ஒரு நாள் நான் தும்முனதைக்கூட எழுதியிருக்கீங்க அங்கிள், நான் பாத்தேன்.”

“அது சேக்கிறதுன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“அப்புறம் என்னன்னு தோணுச்சு?”

இன்றும் அது எனக்குச் சரியாகத் தெரியாது.

“எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?”

“ஞாயித்துக்கெழமை.”

“இன்னிக்கு புதன். நேத்து நான் போன்ல பேசறப்ப நீங்க அங்கதானே நின்னீங்க?” குரலை அவர் உயர்த்தவே இல்லை. “கொஞ்ச நேரம் வெளியில இருங்க அங்கிள். இப்ப பேசினா நான் மரியாதை இல்லாம பேசிருவேன். உங்க வயசுக்கு அது வேணாம்.”

வெளியே நடைவழியில் நின்றேன். இருபத்திரண்டு நிமிடம். என் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். பை உள்ளே இருந்தது. கதவு திறந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார்.

“பர்னஸ் எத்தனை மணிக்கு முடியும்?”

“மூணே முக்கால்.”

“நாளைக்கு ரெண்டையும் ஓட்டுவோம். நாப்பத்தெட்ட வடிகட்டி, அதே பொடிய திரும்பத் திரும்பப் போடுவோம். எத்தனை தடவை தாங்குதுன்னு பாக்கணும்.”

அந்தக் கேள்வியை நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நாற்பத்தொன்றில் ஒவ்வொரு முறையும் புதுப்பொடியைத்தான் எடுத்தோம். முடிவு நன்றாக இருந்ததால் வடிகட்டிப் போட்டுப் பார்க்க அவசரத்தில் விட்டுவிட்டோம்.

வியாழன் நாற்பத்தேழு வழக்கம்போல மூன்று மணி இருபது நிமிடம் எடுத்தது; நாற்பத்தெட்டு காலையிலேயே ஐம்பத்தொரு நிமிடத்தில் முடிந்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது இருவருக்கும் மகிழ்ச்சி வரவில்லை. வடிகட்டிய பொடியைக் காயவைத்து மறுபடி போட்டோம்: இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. வெள்ளியன்று மூன்றாவது முறை, மூன்று மணி பதினைந்து நிமிடம். வெறும் சிப்பி எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. முதல் குடுவையின் அடியில் தங்கிய கிளிசரினில் தாளை நனைத்தேன். கருநீலம். பொட்டாசியம் முழுக்கக் கரைந்து அங்கே இறங்கியிருந்தது.

“இது காஸ்டிக் போடுறதேதான்” என்றார் டாக்டர். “வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு.”

திங்கள் டாக்டரின் காரில் கிள்ளானுக்குப் போனோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். கார் நின்றபோது, “நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?” என்றார்.

“நான் சொல்றேன்.”

“நாப்பத்தொண்ணு என் கையெழுத்துல போச்சு. மொதல்ல நான் பேசுவேன். கேட்டா நீங்க சொல்லுங்க.”

எஞ்சினியரின் அறையில் மேசைமேல் கலனின் வரைபடம் விரித்திருந்தது. பக்கத்தில் கையெழுத்துத் தாள்கள், இரண்டு பேனாக்கள். ஐம்பதைத் தாண்டியவர், என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கண்ணே, இன்னும் மெலிஞ்சிட்டீங்களே” என்றார். டாக்டர் உட்காராமலே சொன்னார்: ஐம்பது நிமிடம் தவறு, மூன்று மணி இருபது நிமிடம்தான் சரி, எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேறொரு பொருள் கலந்துவிட்டது.

எஞ்சினியர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார்.

“என்னா பொருள்?”

நான் சொன்னேன். அவர் வரைபடத்தின்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் கேட்டார்.

“அண்ணே, நம்ம பழைய டாங்கிக்கும் நீங்கதானே போடுவீங்க? அப்ப நாம பத்து வருசமா குடுத்த ரிப்போர்ட்டெல்லாம்?”

“அது ஒரு கோடியே முப்பத்து மூணு லட்சத்துல ஒரு பங்கு.”

“கணக்கு போட்டு வச்சிருக்கீங்க.” அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். “சரி பாஸ், ஒவ்வொரு தடவையும் அதையே போட்டா என்ன? சாம்பல் எங்க மில்லுல மலை மாதிரி கெடக்குது லா.”

“போடலாம். கரைஞ்சு கிளிசரின்ல இறங்கிரும். டீசலைக் கழுவணும். கழுவுன தண்ணிய நீங்கதான் சுத்தம் பண்ணணும். அதுக்கு இப்ப போடுற காஸ்டிக்கே போதும், நான் எதுக்கு?”

“மூணு மணி இருபது நிமிஷத்துக்கு நான் எதுக்கு மாறணும் டாக்டர், அதைச் சொல்லுங்க.”

“சிப்பி மட்டும் போட்டா கழுவவே வேணாம். நாப்பத்தொண்ணுக்கு முந்தின பொடியைப் பதினொரு தடவை வடிகட்டித் திரும்பப் போட்டிருக்கோம், வேகம் குறையல. நோட்டுல இருக்கு.”

“எந்த நோட்டுல?” என்றார் எஞ்சினியர். “இவரு நோட்டுலயா?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து, வரைபடத்தின்மேல் அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஆமா. இவர் நோட்டுல.”

எஞ்சினியர் படித்தார். என் கையெழுத்து வரை படித்தார். பிறகு வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை.

பதினேழு நாள் கழித்துக் கடிதம் வந்தது. புதிய கலன் இல்லை. மூலையில் சும்மா கிடக்கும் பழைய சிறிய தொட்டி ஒன்றைத் தருகிறோம், மூன்றரை மணி நேரக் கணக்கில் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம். பல்கலைக்கழகம் அதை ஒப்பந்தமாக ஏற்கவில்லை. ஆனால் முழுதாகத் தள்ளவும் இல்லை. மூன்று ஆண்டுக்குப் பதில் ஆறு மாதம் கொடுத்தது. அந்த ஆறு மாதத்தில் இப்போது நூற்று நாற்பத்து மூன்று நாள் போய்விட்டது. தொட்டி சில நாள் ஓடுகிறது, சில நாள் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. மீதி நாட்களுக்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் கல்லாவைப் பற்றி இப்போது வேடிக்கையாகப் பேசுவதில்லை.

என்னை அவர் நிறுத்தவில்லை. நான் நிறுத்தச் சொல்லித்தான் கேட்டேன். “நீங்க போயிட்டா யாரு எண்ணுவா” என்றார், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் நான் ஓட்டுத்தூளை நிறுத்துக் கிண்ணத்தை உலைக்குக் கொண்டுபோனபோது, எங்கிருந்தோ வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன்.

“சேச்சே, என்னங்க அங்கிள் இது” என்றார்.

ஆனாலும் பார்த்தார். அதிலிருந்து ஒவ்வொரு தொகுதிக்கும் காட்டுகிறேன். இன்று காட்டியது எண்பத்தெட்டாவதற்கு. அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்த பிறகுதான் கதவைச் சாத்தினேன்.